தேச்சாச்சு!

அத்தியாயம் 17

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குள் கற்பகத்தைப் பன்னிரண்டாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். அவள் இன்னும் தலைகூட வாரவில்லை.

"அம்மா, அடிபொளி! பன்னெண்டாயிரத்து நானூறு!" என்று மகா போனைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள் ஓடி வந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண். பேசுவது தமிழ், எழுதுவது மலையாளம், போடுவது வீடியோ.

வீடியோவில் கற்பகம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் ஸ்பிரே துப்பாக்கியோடு நிற்கிறாள். எதிரே பச்சையும் வெள்ளையுமாய்ப் பளபளக்கும் ஒரு கேம்பர் டிரெய்லர். ஜீப்புக்குப் பின்னால் கோர்த்து இழுத்துப் போகிற சின்ன வீடு. கீழே மகா மலையாளத்தில் எழுதியிருந்தாள்: 'அப்பாவுக்குக் கை முறிந்தது. அம்மா துப்பாக்கியை எடுத்தாள்.'

"எல்லாரும் ஹார்ட் போட்டிருக்காங்கம்மா. ஒருத்தன் மட்டும், 'துரும்பு களஞ்ஞோ சேச்சி'ன்னு கேக்குறான். அவனை பிளாக் பண்ணிட்டேன்."

மலையாளத்தில் துரும்பு என்றால் துரு. துருவை நீக்கினாயா அக்கா என்று யாரோ முகம் தெரியாத ஒருவன் கேட்டிருக்கிறான். பன்னிரண்டாயிரம் பேரில் அவன் ஒருவனுக்குத்தான் கண் இருந்தது.

கற்பகத்தின் கையிலிருந்த கரண்டி சட்டியில் விழுந்தது.

"எந்தாம்மா?"

"ஒண்ணுமில்ல. போய்க் குளி."

மூன்று வாரங்களுக்கு முன் தோப்பும்படிப் பாலத்தில் ஸ்கூட்டர் வழுக்கி ரமேஷ்பாபு வலது கையையும் இரண்டு விலா எலும்பையும் முறித்துக்கொண்ட கதை வாசகர்களுக்குத் தெரியும். சுள்ளிக்கல்லில் அவனுடைய வண்டி பெயின்ட் ஷெட் பூட்டியே கிடக்கும் என்று ஊர் நினைத்தது. கற்பகம் சாவியை எடுத்துக்கொண்டு போனாள். இருபது வருஷமாய் அவனுக்குப் பெயின்ட் கலக்கிக் கொடுத்தவள், துப்பாக்கி பிடிக்கவும் தெரிந்து வைத்திருந்தாள். துரு எடுக்கிற வேலையை மட்டும் அவள் வருவதற்கு முன்பே அவன் முடித்துவிடுவான், அதை அவள் பார்த்ததில்லை. கட்டிலில் படுத்தபடி அவன் சொல்லச் சொல்ல, அவள் செய்தாள்.

வினை அந்தச் சொல்லச் சொல்லவில்தான் இருந்தது.

ரமேஷ்பாபு உசிலம்பட்டிக்காரன். "துரு மருந்தை ஊத்தி நல்லா தேய். ஒரு எடம் விட்றாத. பெறகு ரெட் ஆக்சைடு அடி, காய விடு, பெயின்ட் அடி" என்றான். அவன் ஊரில் தேய்ப்பது என்றால் பாத்திரம் தேய்ப்பதுபோலத் தேய்ப்பது. கம்பி பிரஷ்ஷைப் போட்டு, எமரித் தாளைப் போட்டு, தோள்பட்டை கழன்றுவிழும் வரை சுரண்டுவது.

கற்பகம் மட்டாஞ்சேரியிலேயே பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவளுக்குத் தேய்ப்பது என்றால் பூசுவது. பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பது, சுவருக்குச் சிமென்ட் தேய்ப்பது. பாத்திரத்தைக்கூட அவள் தேய்க்க மாட்டாள், மோறுவாள். கறை போகச் சுரண்டுவதற்கு அவள் வாயில் வருகிற சொல் உரைப்பது. கணவன் உரை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

அதனால் துரு மருந்தைப் பழைய துணியில் நனைத்து, எண்ணெய்க் குளியல் நடத்துகிற மாதிரி அந்த வண்டி முழுக்கப் பரிவோடு பூசினாள். துரு சொகுசாய் உட்கார்ந்துகொண்டது.

"தேச்சாச்சா?" என்று அவன் கேட்டான்.

"தேச்சாச்சு. ரெண்டு வட்டம் தேச்சாச்சு."

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. கல்யாணமாகி இருபத்தோரு வருஷம் ஆகியும் ஒரு வினைச்சொல்லில் இவர்கள் ஒன்று சேரவில்லை, அவ்வளவுதான்.

அது வரைக்கும் கற்பகத்தின்மேல் குற்றம் இல்லை. குற்றம் புதன்கிழமை ஆரம்பித்தது.

புதன்கிழமை மத்தியானம் ஜீப்போடு கோர்க்கிற முன்கம்பிக்கு அடியில் இரண்டாம் பூச்சு அடித்துக்கொண்டிருந்தாள். பெருவிரல் நகம் அளவுக்கு ஒரு பொருக்கு பெயின்ட்டோடு பெயர்ந்து வந்தது. உள்ளே காப்பிப்பொடி மாதிரித் துரு. மருந்தின் குற்றமோ என்று கணவனைக் கேட்க வீட்டுக்கு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, உள்ளே ரமேஷ்பாபு ஊரிலிருக்கும் தம்பி பிச்சையோடு போனில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"உங்க மதினியச் சாதாரணமா நெனைக்காதடா. கம்பி பிரஷ் போட்டுத் தேச்சு, எமரி போட்டுத் தேச்சு, தகரம் வெள்ளையா பளபளன்னு வந்த பெறகுதேன் ரெட் ஆக்சைடே தொட்டுருக்கா. எனக்கே அந்தப் பொறுமை கெடையாது. என்னைய விட நல்ல வேலைக்காரிடா அவ!"

கற்பகத்துக்குச் சொல்லும் புரிந்தது, செய்ததும் புரிந்தது. உள்ளே போய், "மகா அப்பா, நான் தப்பாட்டு செஞ்சிட்டேன்" என்று சொல்ல ஐந்து நிமிஷம் போதும். அவள் செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். பொருக்கு விட்ட இடத்தில் பள்ளம் அடைக்கிற புட்டிப் பசையை அப்பி, வழித்து, அதன்மேல் பெயின்ட் அடித்தாள். அது மிக அழகாய் வந்தது.

ஏன் அப்படிச் செய்தாள்? பயத்தால் இல்லை. இருபத்தோரு வருஷத்தில் அந்த மனிதர் அவளைப் பற்றி யாரிடமும் இப்படிப் பேசியதில்லை. அந்தப் பேச்சை இழக்க அவளுக்கு மனசு வரவில்லை. இதை நினைக்க நினைக்கத்தான் இரண்டு நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இன்றைக்குப் பதினொரு மணிக்கு வண்டிக்காரர் வருகிறார். ஷெட்டிலிருந்தே நேராக மூணாறு மலை ஏறப் போகிறார். முன்கம்பி ஏதாவது ஒரு வளைவில் முறிந்தால், அந்தச் சின்ன வீடு பின்னால் வருகிற வண்டியின் மேல் உருளும். பின்னால் வருவது பஸ்ஸாகவும் இருக்கலாம்.

பதினொரு மணிக்குள் சொல்லியாக வேண்டும்.

ஒன்பது மணிக்கு ரமேஷ்பாபு மூன்று வாரத் தாடியை எடுத்துவிட்டு, மகாவை விட்டு இஸ்திரி போட வைத்த சட்டையை ஒரு கையில் மட்டும் மாட்டிக்கொண்டு நின்றான்.

"எங்க கெளம்புறீங்க? டாக்டர் எணீக்கண்டா, படுத்தே இருக்கணும்னு சொன்னாரு."

"பொண்டாட்டி பண்ணுன வேலைய நாலு பேரு பாக்குறப்ப நான் கட்டில்ல கெடக்கவா? ஆட்டோவ வரச் சொல்லிட்டேன்."

"மகா அப்பா, ஒரு காரியம் பறயணும்."

"சொல்லு."

அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவள் பார்த்தாள்.

"சாயா குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

ஷெட்டில் சின்னக் கூட்டம் சேர்ந்துவிட்டது. எதிர்க் கடைக்காரர்கள், பக்கத்து வொர்க்‌ஷாப் ஆட்கள், வீடியோ பார்த்துவிட்டு வந்த இரண்டு கல்லூரிப் பெண்கள். மகா போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஓடியாடினாள். ரமேஷ்பாபு இடது கை விரல்களால் டிரெய்லரின் பக்கவாட்டைத் தடவிப் பார்த்தான்.

"ஒரு பொட்டுத் தூசி இல்ல. ஒழுகல் இல்ல. பாருங்கய்யா!"

தடவுகிற கை முன்கம்பிக்குப் போய்விடுமோ என்று கற்பகம் அதன் கூடவே நகர்ந்தாள். யாரோ ஒரு ஸ்டூலைப் போட்டார்கள், அவன் உட்கார்ந்துவிட்டான். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து அடுத்த நொடியே அவமானமாகவும் இருந்தது.

சரியாகப் பதினொன்றுக்கு ஜீப் வந்தது. திருப்பூணித்துறை அனந்தநாராயணன், வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியோடு இறங்கினார். எல்லோருக்கும் அவள் மாமி. வண்டியின் பின்பக்கம் முழுக்கப் பெட்டி, பை, சமையல் சாமான். யாரோ வெளிநாட்டுக்காரர் விட்டுவிட்டுப் போய், மட்டாஞ்சேரி உப்புக்காற்றில் வருஷக்கணக்காய் நின்ற டிரெய்லரை விலைக்கு வாங்கி ரமேஷ்பாபுவிடம் விட்டவர் அவர்தான்.

"அடடா! கற்பகம், நீயா பண்ணினே? கல்யாணப் பொண்ணு மாதிரின்னா நிக்கறது!"

மாமி டிரெய்லருக்குள் ஏற, கற்பகம் கை கொடுத்து ஏற்றிவிட்டாள். உள்ளே ஒரு கட்டில், ஒரு சின்ன அடுப்பு, மூலையில் ஒரு கழிப்பறை. மாமி மற்றதையெல்லாம் பார்க்கவே இல்லை. கழிப்பறைக் கதவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். வெளியே கேட்காத குரலில் சொன்னாள்.

"எனக்கு அரை மணிக்கு ஒரு தரம் போகணும்டி. ஆபரேஷனுக்கு அப்புறம் அப்படி ஆயிடுத்து. பஸ்ல போக முடியாது, ரோட்டோரம் இறங்க முடியாது. தேவிகுளத்துல என் தங்கை இருக்கா. அவளைப் பார்த்து மூணு வருஷம் ஆச்சு. அதுக்குத்தான் இவர் இந்த வண்டியை வாங்கினார்."

பையிலிருந்து கசவுச் சரிகைக் கரை போட்ட செட்டுமுண்டுப் புடவையை எடுத்துக் கற்பகத்தின் கையில் வைத்தாள்.

"நீ செஞ்சு குடுத்திருக்கே. நன்னா இரு."

கற்பகத்தின் கையில் இன்னும் பெயின்ட் வாடை போகவில்லை. அந்தக் கையால் அந்த வெள்ளைத் துணியைத் தொடவே கூடாது என்று தோன்றியது. ஆனாலும் வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டு சிரிக்கவும் செய்தாள். அந்தச் சிரிப்பை அவள் ஆயுசுக்கும் மன்னிக்கப்போவதில்லை.

வெளியே அனந்தநாராயணன் முன்கம்பியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரமேஷ்பாபு, எனக்கு இதுல மட்டும்தான் ஒரு பேடி, ஒரு பயம். மொத்த பாரமும் இதுலதானே? துரு நன்னா எடுத்தாச்சோ?"

ரமேஷ்பாபு திரும்பிப் பார்க்காமலே குரல் கொடுத்தான்.

"ஏ கற்பகம்! முன்கம்பி நல்லா தேச்சேல்ல?"

கூட்டம் அவளைப் பார்த்தது. மகாவின் போனும் பார்த்தது.

"தேச்சேன்" என்றாள்.

இந்தத் தடவை அந்தச் சொல்லுக்கு அவன் அர்த்தமும் தெரியும், தன் அர்த்தமும் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

"அம்புட்டுத்தேன் சார். எம் பேரு பொறுப்பு" என்றான் ரமேஷ்பாபு.

ஜீப்பைப் பின்னால் எடுத்துக் கோர்த்தார்கள். பூட்டுப் போட்டார்கள். மாமி முன்சீட்டில் ஏறி, கண்ணாடியை இறக்கிக் கையசைத்தாள். ஜீப் உறுமியது. டிரெய்லர் மெதுவாக அசைந்து ஷெட் வாசலைத் தாண்டி ரோட்டுக்கு இறங்கியது. யாரோ கை தட்டினார்கள்.

பத்தடி போயிருக்கும். கற்பகம் ஓடினாள். ஜீப்புக்கு முன்னால் போய், கையிலிருந்த செட்டுமுண்டோடு பானட்டில் அடித்தாள்.

"நிறுத்துங்க சாமி! நிறுத்துங்க!"

பிரேக் அலறியது. அனந்தநாராயணன் தலையை நீட்டினார். கற்பகம் திரும்பி ஷெட்டுக்குள் ஓடி, ஒரு ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு வந்தாள். ரோட்டில் மண்டிபோட்டு, முன்கம்பியின் அடியில் தான் புட்டி வைத்த இடத்தைத் தேடி, முனையை வைத்து அழுத்தினாள்.

பச்சைப் பெயின்ட் விரிந்தது. ஸ்குரூடிரைவர் பிடி வரைக்கும் உள்ளே போனது. இழுத்தபோது பழுப்புத் தூள் கொட்டியது.

கூட்டம் நெருங்கி வந்து குனிந்து பார்த்தது. மகா போனை இறக்கினாள்.

ரமேஷ்பாபு ஸ்டூலிலிருந்து எழுந்து, விலாவைப் பிடித்துக்கொண்டு வந்தான். ரோட்டில் கிடந்த தூளைப் பார்த்தான். ஓட்டையைப் பார்த்தான். ஓட்டையின் ஓரத்தில் வெள்ளையாய்த் தெரிந்த புட்டியைப் பார்த்தான். பெயின்ட்காரனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

"தேச்சேன்னியே?"

"மருந்தைப் பூசத்தான் செஞ்சேன். தேய்க்கிறதுன்னா எனக்கு அதுதான் மனசிலாச்சு. உரைக்கல்ல. ஒரு எடத்துலயும் உரைக்கல்ல."

கூட்டத்தில் ஒருவர் "ஐயோ பாவம், பாஷ மாறிப்போயி" என்றார். இன்னொருவர் சிரிக்கக்கூடச் செய்தார். அவளுக்கு ஒரு வழி திறந்தது. சொல் மாறியது என்ற அளவில் நிறுத்திக்கொண்டால், எல்லோரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். நாளைக்கு அது ஒரு வேடிக்கைக் கதை.

ரமேஷ்பாபு சிரிக்கவில்லை.

"புட்டி என்னைக்கு வச்ச?"

"புதன்கிழமை."

"அப்ப தெரியும்."

"தெரியும்."

"புதன், வியாழன், வெள்ளி" என்று அவன் மெதுவாகச் சொன்னான். "இப்பக்கூட எல்லார் முன்னாலயும் கேட்டேன். எம் பேரு பொறுப்புன்னு சொன்னேன். நீ நின்னு கேட்டுக்கிட்டுருந்த."

அவள் தலையை ஆட்டினாள். அழுகை வந்தது. அழுதால் யாராவது ஆறுதல் சொல்லிவிடுவார்களே என்று அடக்கிக்கொண்டாள்.

அனந்தநாராயணன் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. வங்கியில் எத்தனையோ பேரைப் பார்த்தவர். பூட்டைக் கழற்றினார். நான்கு பேர் சேர்ந்து டிரெய்லரைத் தள்ளி மறுபடி ஷெட்டுக்குள் விட்டார்கள்.

"கம்பியை வெட்டி எடுத்துட்டுப் புதுசு வெல்டிங் பண்ணணும்" என்றான் ரமேஷ்பாபு, தரையைப் பார்த்தபடி. "பத்து நாள் ஆகும் சார். நானே நின்னு பாத்துக்குறேன்."

"சரி" என்றார் அவர். அவ்வளவுதான்.

கற்பகம் ஜீப்பின் ஜன்னலோரம் போய்ச் செட்டுமுண்டைத் திருப்பி நீட்டினாள். அதில் அவள் கைப் பழுப்பு பட்டிருந்தது.

மாமி அதை வாங்கவில்லை.

"குடுத்ததை வாங்கிக்கற வழக்கம் இல்லை. நீ சொன்னது நல்லதுதான்டி, சொல்லாம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைக்கவே முடியலை. ஆனா நேத்திக்குச் சொல்லியிருக்கலாமோல்லியோ? நான் தங்கைக்குப் போன் பண்ணியிருக்க மாட்டேன். அவ கார்த்தாலேர்ந்து சமைச்சுண்டிருக்கா."

ஜீப் திரும்பிப் போயிற்று. சாமான் எல்லாம் கட்டின கட்டாக இருந்தது.

கூட்டம் கலைந்ததும் மகா அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள். "அந்த வீடியோவ எடுத்துரட்டா?" என்று கேட்டாள்.

"நிக்கட்டும். கேட்டவனுக்கு பதில் எழுது. களஞ்ஞில்லன்னு எழுது."

மகா அவன் மேல் போட்ட பிளாக்கை நீக்கிவிட்டு எழுதினாள். பன்னிரண்டாயிரம் பேருக்கும் தெரியும்படி எழுதினாள். அம்மாவுக்காகத் தான் வெட்கப்படுவதா, அந்த மனிதனை பிளாக் செய்ததற்காக வெட்கப்படுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

ரமேஷ்பாபு ஆணியில் தொங்கிய கம்பி பிரஷ்ஷை எடுத்து, இடது கையால் டிரெய்லரின் பின்மூலையைச் சுரண்ட ஆரம்பித்தான். சுரண்டத் தெரியாத கை. பிரஷ் வழுக்கி வழுக்கிப் போயிற்று. கற்பகம் வாங்கப் போனாள். கொடுக்கவில்லை. அவள் இன்னொரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு மறுமூலைக்குப் போனாள். முதல் தடவையாக உரைத்தாள். துரு பறந்து கண்ணிலும் மூக்கிலும் ஏறியது. அடியில் தகரம் வெள்ளையாக வந்தது. இவ்வளவுதான் வேலை, இதைத்தான் செய்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இன்னும் அழுத்தி உரைத்தாள்.

சாப்பாட்டு நேரம் போயிற்று. யாரும் சாப்பிடவில்லை. மூன்று மணிக்கு மேல் ரமேஷ்பாபு பிரஷ்ஷை வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"கற்பகம்."

ஓட்டையைப் பார்த்த பிறகு அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் ஆசையோடு திரும்பினாள்.

"எனக்குக் கை முறிஞ்ச பெறகு இது மட்டுமா அடிச்ச? அந்த மொத வாரம் வேறென்ன வந்துச்சு?"

அவளுக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை. வந்ததும் பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள்.

முதல் வாரம் சுஜித் கொண்டுவந்த ஸ்கூல் வேன். பிள்ளைகள் ஏறுகிற படி துருப்பிடித்திருந்தது. அதற்கும் மருந்து பூசி, ரெட் ஆக்சைடு அடித்து, மஞ்சள் பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தாள்.

புதன்கிழமையே அவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். அந்தச் சொல் புரிந்த நிமிஷமே தோன்றியிருக்க வேண்டும். இரண்டு நாளும் அவள் யோசித்தது தன் பேரைப் பற்றி, தன் முகத்தைப் பற்றி, புருஷன் தம்பியிடம் சொன்ன நாலு நல்ல வார்த்தையைப் பற்றி. அந்த வேன் ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. இதுவரை பட்ட வெட்கம் எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை. பள்ளிக்கூடம் விடுகிற நேரம்.

மகாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். நாலாவது மணியில் சுஜித் எடுத்தான். பின்னால் ஒரே ஹாரன், கூச்சல்.

"ஆரு, கற்பகம் சேச்சியா? பிள்ளேரு வண்டியில கேறிட்டிருக்காங்க, பத்து நிமிஷம் கழிச்சு விளிக்கட்டா?"

"வேண்டாம் சுஜித்து, இப்பவே கேளு. படியில யாரையும் கால் வைக்க விடாத. துரும்பு எடுக்காம அதுக்கு மேல பெயின்ட் அடிச்சது நானு."

"என்னது? கேக்கல்ல சேச்சி, ஒச்சையா சொல்லுங்க!"

கற்பகம் ரோட்டுக்கு ஓடிவந்தாள். காலையில் கை தட்டியவர்கள் எதிர்க் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, சுள்ளிக்கல் முழுக்கக் கேட்கும்படி, அதையே இன்னொரு தடவை கத்திச் சொன்னாள்.